மாடு, இரும்பு, நடுகல்: தகடூர் மேட்டுநிலத்தின் வரலாறு

சேலத்திலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் நிலம் இரண்டு முறை மேலே ஏறுகிறது. முதல் ஏற்றம் தொப்பூர் கணவாய். அதைக் கடந்ததும் காற்றில் ஈரம் குறைந்து, சாலையின் இருபுறமும் கரடுகளும் மாந்தோப்புகளும் புளிய மரங்களும் தலைகாட்டும். கிருஷ்ணகிரிக்கு அப்பால் சூளகிரி வழியாக ஓசூருக்குப் போவது இரண்டாவது ஏற்றம். பழைய சேலம் மாவட்டத்தை ஆங்கிலேய அதிகாரிகள் இந்த ஏற்றங்களை வைத்தே மூன்று படிகளாகப் பிரித்தார்கள். கணவாய்க்குக் கீழே இருந்த சமவெளி தாலாகாட். நடுவில் ஏறத்தாழ 450 முதல் 500 மீட்டர் உயரத்தில் உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் வட்டாரம் பாரமகால். அதற்கும் மேலே 900 மீட்டரை ஒட்டி நிற்கும் ஓசூர்ப் பகுதி பாலாகாட். சங்கப் பாடல்கள் இந்த நடுப்படியைத் தகடூர் என்ற ஊரின் பெயரால் அறிந்தன. நடுகற்களில் அது புறமலை நாடு என்று வருகிறது.

கடல் இல்லை, வற்றாத ஆற்றுப் பாசனமும் இல்லை. காவிரி பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேற்கு எல்லையை உரசிக்கொண்டு ஆழமான பள்ளத்தில் போய்விடுகிறது. பரிசல் விடுவதற்குப் பயன்பட்ட அந்தத் தண்ணீர் மேட்டு வயல்களுக்கு ஏறவில்லை. நந்தி மலைப் பக்கம் பிறந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வரும் தென்பெண்ணையே இந்த மண்ணின் ஆறு. அதுவும் மழையை நம்பிய ஆறு. மண்ணுக்குச் சற்றுக் கீழேயே பாறை தட்டும். 250 கோடி ஆண்டு வயதை ஒட்டிய நைஸ் பாறைகளும் சார்னோகைட்டும் இந்த நிலத்தின் அடித்தளம். கேழ்வரகு, சாமை, கொள்ளு, அவரை, அதற்கு மேல் மாடு என்று உழவர்கள் பிழைப்பை அமைத்துக்கொண்டதற்கு இந்தப் பாறையே காரணம்.

தமிழக வரலாறு பெரும்பாலும் ஆற்றுப்படுகைகளில் நின்றுகொண்டு எழுதப்பட்டது. தஞ்சையும் மதுரையும் காஞ்சியும் மையங்களாகிவிட, தகடூர் ஒரு வழிப்பாதையாக, படைகள் ஏறி இறங்கும் விளிம்பாக எஞ்சியது. அரசு ஊழியர்களின் பேச்சில் தருமபுரி நெடுங்காலம் ‘தண்ணியில்லாக் காடு’, தண்டனையாக மாற்றல் கிடைக்கும் இடம். ஆனால் தமிழகத் தொல்லியலின் சில அடிப்படைக் கேள்விகளுக்குச் சான்று தேடுகிறவர்கள் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் இரும்பு எப்போது உருகியது, அசோகன் சொன்ன சத்தியபுத்திரர் யார், சாதாரண மனிதனின் சாவு எப்போதிலிருந்து எழுத்தில் பதிவானது ஆகிய மூன்றும் இந்த மேட்டுநிலத்தோடு பிணைந்தவை. அப்படியானால் தகடூரை விளிம்பு என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி?

பழைய தடயங்களிலிருந்து தொடங்கலாம். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்டத்து மலைகளிலும் மேடுகளிலும் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடரிகளைத் திரட்டினார். அவர் சேர்த்தவை பின்னர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் அகழ்ந்தபோது, அந்தக் கோடரிகளைப் பயன்படுத்தியவர்களின் வாழிடமே வெளிப்பட்டது. தரையைக் குழித்து அதன்மேல் கூரை போட்டு அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கொள்ளும் பச்சைப்பயறும் உண்டிருக்கிறார்கள். தருமபுரி அருகே மோதூரிலும் புதிய கற்கால மக்களின் தடயங்கள் கிடைத்தன.

இவர்கள் தனித்து நின்ற கூட்டமில்லை. கர்நாடகத்தின் ராய்ச்சூர், பெல்லாரி வட்டாரங்களிலும் ஆந்திரத்தின் அனந்தபூர் பகுதியிலும் சாம்பல் மேடுகளை விட்டுச் சென்ற மாட்டுப்பட்டி மக்களின் தெற்கு உறவினர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். அந்த மேடுகள் ஆண்டாண்டாகச் சேர்ந்து எரிந்த சாணத்தால் ஆனவை என்பதை உட்னூர் அகழாய்வு காட்டியது. ஆகவே தகடூரின் தொல்வரலாறு தெற்கே காவிரிப்படுகையைப் பார்ப்பதைவிட வடமேற்கே தக்காணத்தைப் பார்க்கிறது. இந்தத் திசை உறவைக் கணக்கில் எடுக்காமல் இங்குள்ள எதையும் சரியாகப் படிக்க முடியாது.

அடுத்தது இரும்பு. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021 இல் அகழாய்வு செய்தது. கிடைத்த கரிமாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் காலம் கி.மு. 2172 என்று முடிவு வந்தது; இரண்டாவது மாதிரி கி.மு. 1615 ஐக் காட்டியது. 2022 மே மாதம் முதலமைச்சர் இதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதுவரை தமிழகத்தின் மிகப் பழைய இரும்பாகக் கருதப்பட்டது மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 1510. மாங்காடும் இதே மேட்டுநிலத்தின் தெற்கு வாசலில்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு இன்னும் ஓர் ஆயிரம் ஆண்டு பழைய காலத்தைக் கொடுத்தபின், மேடைப் பேச்சுகளில் மயிலாடும்பாறை பின்வரிசைக்குப் போய்விட்டது.

ஆண்டுக்கணக்குப் பந்தயம் செய்திக்கு நல்லது. ஆய்வுக்கு அதனால் பெரிய பயனில்லை. இரண்டு கரிமாதிரிகளை வைத்து ஓர் உலோக யுகத்தையே நிறுவிவிட முடியாது. அதே குழியிலிருந்தும் அக்கம்பக்கத்து இடங்களிலிருந்தும் மேலும் மேலும் காலக்கணிப்புகள் வர வேண்டும். உருக்கிய உலைக்கும் கசடுக்கும் பயன்பட்ட கருவிக்கும் இடையிலான தொடர்பு வெளிப்பட வேண்டும். அந்த வகையில் தகடூருக்கு ஒரு வலுவான துணைச்சான்று மண்ணிலேயே இருக்கிறது. சேலம் கஞ்சமலையிலிருந்து அரூர் பக்கத்துத் தீர்த்தமலை வரை மேக்னடைட் இரும்புத்தாது பட்டைபட்டையாகக் கிடக்கிறது. மழையில் அரித்து ஓடைகளில் கருமணலாக இறங்கும் தாதுவை அள்ளிவரச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை. கரி சுட மலைக்காடு பக்கத்திலேயே இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த குட்டூரில் 1980களின் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலையின் தடயமும் கிடைத்தது. ஆண்டு எதுவானாலும், இரும்பு இங்கே வந்திறங்கிய பொருளாக இல்லாமல் உருவாக்கிய பொருளாக இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

அந்த இரும்போடு புதைக்கப்பட்டவர்களின் வீடுகள் மல்லச்சந்திரத்தில் இன்னும் நிற்கின்றன. சூளகிரி வட்டாரத்து இந்தப் பாறைமேட்டில் கற்பலகைகளை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் வைத்து, முன்பலகையில் வட்டத் துளையிட்ட கல்திட்டைகள் கூட்டமாக உள்ளன. சுற்றிலும் வட்டமாகக் கற்பலகைகளை அடுக்கிய அமைப்பும் உண்டு. சிலவற்றின் உட்சுவரில் வெண்ணிறக் கோட்டோவியங்கள். குள்ள மனிதர்கள் கட்டிக் குடியிருந்த வீடுகள் இவை என்று நாட்டுப்புறத்தில் ஒரு கதை உண்டு. துளைக்குள் ஒரு குழந்தைதான் நுழைய முடியும் என்பதைப் பார்த்தவர்கள் அந்தக் கதையைக் குறை சொல்ல மாட்டார்கள். பர்கூர் அருகே மல்லப்பாடியில் 1970களின் இறுதியில் அறியப்பட்ட பாறை ஓவியங்களும் வெள்ளையில் தீட்டியவையே. குதிரைமேல் வரும் வீரர்கள் ஒருவரை ஒருவர் தாக்கும் காட்சி அவற்றில் இருக்கிறது. தமிழகப் பாறை ஓவியத் தேடலுக்கு மல்லப்பாடி ஒரு தொடக்கப்புள்ளியாக அமைந்தது.

எழுத்து இந்த நிலத்துக்கு வரும்போது கூடவே அதியமானும் வருகிறான். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவனாக அறிவார்கள். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் பெரும்பகுதி அவனைச் சுற்றியே அமைந்தது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்றதைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கொண்டாடுகிறது. அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்காமல் சிதறிய பாடல்களாக மட்டும் தப்பியது. இவ்வளவும் இலக்கியம். இதற்கு மண்ணில் சான்று உண்டா என்ற கேள்விக்கு 1981 இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரின் பாறைக்குகை பதில் தந்தது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த துறவியர் உறைவிடம் அது என்று ஒற்றை வரித் தமிழிக் கல்வெட்டு சொன்னது.

அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை தன் பேரரசுக்குத் தெற்கே உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரரையும் குறிப்பிடுகிறது. அவர்கள் துளு நாட்டார் என்றும் காஞ்சியார் என்றும் கொங்கு நாட்டார் என்றும் அறிஞர்கள் பல்லாண்டு வாதாடினார்கள். ஜம்பைக்குப் பிறகு அந்த வாதம் ஏறத்தாழ முடிந்தது. மூவேந்தரோடு ஒரே வரியில் மௌரியப் பேரரசன் எண்ணிய நான்காவது தென்னாட்டுக் குடி, பிற்காலம் ‘குறுநில மன்னர்’ என்று அடுக்கி வைத்த அதியர் குடி! கல்வெட்டின் காலம் பற்றி மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. அதை வெளியுலகுக்கு அறிவித்த இரா. நாகசாமி கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்றார். எழுத்தமைதியைக் கொண்டு ஐராவதம் மகாதேவன் கி.பி. முதல் நூற்றாண்டுக்குக் கொண்டுவந்தார். பிந்தைய கணிப்பே வலுவாகத் தோன்றுகிறது. அதை ஏற்றால், அசோகன் காலத்துப் பட்டத்தை முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் ஒரு குடி மறக்காமல் சுமந்தது என்றாகிறது. அது இன்னும் வியப்பான செய்தி.

அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் ஒன்றில் அவன் நடுகல்லாகி நிற்கிறான். பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் படைக்கிறார்கள். நாடு முழுவதையும் கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு படையலை ஏற்பானா என்று புலவர் கேட்கிறார். அவன் கல் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழக்கம் அடுத்த ஆயிரம் ஆண்டுக்கு இந்த நிலத்தையே நடுகல் நாடாக மாற்றிவிட்டது.

எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை தகடூரைச் சேர்ந்தவை அல்ல. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 இல் கிடைத்த தமிழிக் கற்களுக்கே அந்த இடம். ஆனால் அடர்த்தியில் தருமபுரி, கிருஷ்ணகிரி, கிழக்கு விளிம்பான செங்கம் ஆகிய வட்டாரங்களோடு போட்டியிடத் தமிழகத்தில் வேறிடம் இல்லை. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை ஊர் ஊராகத் தேடி, செங்கம், தருமபுரிக் கற்களைத் தொகுத்து வெளியிட்டபின்தான் இந்தச் செல்வத்தின் அளவு தெரிந்தது. பெரும்பாலானவை கி.பி. ஐந்தாம் நூற்றாண்டுக்குப் பின்னர் வட்டெழுத்தில் பொறித்தவை. வில்லோடும் குறுவாளோடும் ஒரு வீரன் முன்னடி வைத்து நிற்பான். உடலில் அம்புகள் தைத்திருக்கும். காலடியில் ஒரு செம்பும் சிமிழும் இருக்கும். சில கற்களில் அவன் மீட்ட மாடுகளும் ஓரத்தில் நிற்கும்.

கல்லின் வாசகத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும், பிறகு நாடும் ஊரும், கடைசியில் இன்னாரின் மகனோ சேவகனோ தொறு மீட்டுப் பட்டான் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டுமந்தை. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்துக் கற்கள் இப்படிப் பல. தலைநகர் காஞ்சியில் பல்லவன் வடமொழியில் தன் பட்டங்களைப் பொறித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், புறமலை நாட்டின் மாட்டுக்காரன் ஒருவனின் சாவு அவனுக்குப் புரியும் தமிழில் கல்லேறியது. பல்லவர் காலத் தமிழ்ப் பேச்சுக்கும், தமிழியிலிருந்து வட்டெழுத்து பிறந்த வழிக்கும் இந்தக் கற்களைவிடச் செழிப்பான சான்றுத் தொகுதி வேறொன்றைக் காட்டுவது கடினம்.

இவற்றில் தனித்து நிற்பது எடுத்தனூர்க் கல். தண்டராம்பட்டு வட்டத்தைச் சேர்ந்த இந்த ஊரில், மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பவன் மாடுகளுக்காகப் போரிட்டு மாண்டான். அவனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் திருடர் இருவரைக் கடித்து, தலைவனின் பக்கத்திலேயே காவல் நின்றது என்று எழுத்தும் சொல்கிறது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு நாயின் பெயரை நினைவில் வைக்கக் கல் வெட்டியவர்களின் உலகத்தைச் சிற்றரசர்களின் சண்டைப் பட்டியலாக மட்டும் எப்படிப் படிப்பது?

நடுகல் மிகுதிக்கு வீர மனநிலை, எல்லைப்புறப் பூசல் என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று நான்கு திசை அரசுகளும் இங்கே முட்டிக்கொண்டன. ஆனால் மாடு ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதற்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். நெல் விளையும் படுகையில் செல்வம் வயலில் இருக்கிறது. அதை ஒருவன் இரவில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. பாறை மேட்டில் செல்வம் நான்கு காலில் நடக்கிறது. எனவே அதைக் காக்கும் ஆளுக்குப் படுகையில் கோயில் கட்டியவனுக்கு நிகரான மதிப்பு கிடைத்தது. பிரமதேயங்களும் பெருங்கோயில்களும் இங்கே அரிதாகவும், தனிமனிதன் பெயர் சொல்லும் கற்கள் ஏராளமாகவும் இருப்பதற்கு இதைவிட நேரான காரணம் தெரியவில்லை.

பேரரசுகளின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எட்டாம் நூற்றாண்டில் அதியர் குடியினர் நாமக்கல் மலையில் குடைவரை எடுத்தார்கள். அடுத்து நுளம்பர்கள் தருமபுரியைத் தங்கள் முக்கிய நகரங்களில் ஒன்றாக்கினார்கள். தருமபுரிக் கோட்டைக் கோயில்களில் அவர்களின் நுண்ணிய வேலைப்பாட்டை இன்றும் பார்க்கலாம். மல்லிகார்ச்சுனர் கோயிலின் தொங்கும் தூணுக்கு வேடிக்கை பார்க்கும் கூட்டம் எப்போதும் உண்டு. சோழர் நுளம்பரை வென்றபின் அந்த நாட்டுத் தூண்கள் திருவையாறு வரை பயணப்பட்டன. அங்குள்ள தென்கயிலாயத்தின் சுற்றுமாளிகையில் சோழக் கலைக்குச் சற்றும் ஒட்டாத நுளம்பத் தூண்கள் நிற்பதைக் கூர்ந்து பார்ப்பவர் கண்டுகொள்வார். சோழருக்கு அடங்கிய அதியமான் ஒருவனைத் தலைக்காட்டில் ஒய்சளர் படை 1116 ஐ ஒட்டி முறியடித்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திய விடுகாதழகிய பெருமாள் அந்தக் குடியின் கடைசிப் பெரிய பெயர். போளூர் அருகே திருமலையில், தன் முன்னோன் எழினி வைத்த இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாக அவன் கல்வெட்டு சொல்கிறது. சங்கக் காலத்து மூதாதையை நினைவில் வைத்திருந்த பரம்பரை அது.

விசயநகரக் காலத்தில் சகதேவராயர் வழியினர், பிறகு பீசப்பூர், மைசூர் என்று கோட்டைகள் கை மாறின. 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்ததும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் இங்கே அனுப்பப்பட்டார்கள். 1799 வரை மன்றோ இருந்தார். பெரிய சமீன்தார்களை இடையில் வைக்காமல் ஒவ்வோர் உழவனின் வயலையும் அளந்து நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருக்கொண்டு, பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. கம்பெனியின் கருணையை இதில் தேட வேண்டாம். தீர்வை கடுமையாகவே இருந்தது. ஆனால் அந்த முறை இங்கே முளைத்தது தற்செயலா என்பது யோசிக்கத்தக்கது. சிறு நிலமும் கொஞ்சம் மாடும் வைத்திருந்த தனித்தனிக் குடும்பங்களே இந்த மேட்டின் சமூகம். நடுகற்கள் காட்டும் சமூகத்திலிருந்து அது வெகுதூரத்தில் இல்லை.

மாடு இன்றும் போய்விடவில்லை. ஓசூர் மத்திகிரியின் கால்நடைப் பண்ணை 1824 இல் தொடங்கியது. காவிரிக் கரைக் காட்டில் வளர்ந்த ஆலம்பாடி இனம், டிராக்டர் வந்தபின் எண்ணிக்கையில் சரிந்தாலும், பென்னாகரம் பக்கத்து உழவர்களின் பேச்சில் இன்னும் பெருமையாக வருகிறது. தை பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களில் எருது விடும் விழா களைகட்டும்.

கல்லும் போய்விடவில்லை, ஆனால் வேறு விதமாக வெளியேறுகிறது. ‘பாரடைசோ’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகும் அலைவரி ஓடிய கிரானைட் கிருஷ்ணகிரிப் பாறை. தென்னிந்தியக் கறுப்புக் கல் ஐரோப்பியக் கல்லறைகளுக்கு நினைவுப் பலகையாகிறது. நடுகல் நாடு இன்னமும் ஊருக்கு நினைவுக்கல் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் கிண்டலாகச் சொல்லலாம். கரடுகளில் வெடி வைக்கும்போது கல்திட்டைகளுக்கும் ஓவியங்களுக்கும் ஆபத்து வருவது கிண்டலுக்குரிய விஷயமல்ல. இதே பாறை நிலத்தடி நீரில் கலக்கும் ஃப்ளோரைடு, தலைமுறைகளாக மக்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனுதவியோடு 2013 இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், பள்ளத்தில் ஓடிய காவிரியை ஒருவழியாக மேட்டுக்கு ஏற்றியது.

எஞ்சிய நடுகற்களை என்ன செய்வது என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத விவாதம். ஒரு பகுதி தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கிறது. அங்கே எழுத்து காப்பாற்றப்படுகிறது, படிக்கவும் எளிது. ஆனால் எந்தப் பள்ளத்தாக்கில், எந்த வழித்தடத்தை நோக்கி நின்றது என்ற செய்தி கல்லைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. மாடு ஓட்டப்பட்ட பாதைகளை வரைய அந்தச் செய்திதான் தேவை. ஊரில் விட்டுவைத்த கல் பல இடங்களில் வேடியப்பன் ஆகிவிட்டது. பொங்கல் வைத்து, எண்ணெய் பூசி, மஞ்சள் குங்குமம் அப்பி, சில ஊர்களில் பெயிண்டும் அடிக்கிறார்கள். வட்டெழுத்து மறைகிறது, கல் பிழைக்கிறது. வேடியப்பன் இருக்கும் வயலில் யாரும் துணிந்து கடப்பாரை போடுவதில்லை. எழுத்தை மைப்படி எடுத்து, இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டபின், பூசை நடக்கும் கல்லை அந்த ஊரிலேயே விடுவதுதான் நல்லது. கேட்பாரற்று வரப்போரம் சாய்ந்து கிடப்பவற்றையும், குவாரிக்குப் பக்கத்தில் நிற்பவற்றையும் முதலில் அகழ்வைப்பகத்துக்கு எடுக்கலாம்.